சின்ன ஆந்தை பார்க்க எந்த பைனாகுலர்? நிக்கான் மோனார்க் எம்5 8×42 பற்றி

பைனாகுலர் வாங்க யோசனை கேட்பவர்களிடம் நான் திருப்பிக் கேட்பது, என்ன பறவை, எந்த நேரத்தில் என்றுதான். பகல் வெளிச்சத்தில் ஏரிக்கரையில் நின்று நாரையும் கொக்கும் பார்க்க எதை வாங்கினாலும் ஓடிவிடும். புள்ளி ஆந்தை என்கிற சின்ன ஆந்தையைப் பார்க்க வேண்டும் என்றால் அப்படி இல்லை. பகலிலும் சில சமயம் பொந்து வாசலில் தலை தெரியும், ஆனால் ஜோடியாக வெளியே வந்து கிளையில் உட்கார்ந்து, கழுத்தை மேலும் கீழும் ஆட்டி, ஒன்றுக்கொன்று இறகு கோதிவிட்டு, கீச்சுக்கீச்சென்று சண்டை போடுவது மாதிரி கத்துவதெல்லாம் பெரும்பாலும் பொழுது சாய்கிற நேரத்தில்தான். அந்த நேரத்து வெளிச்சத்தை எது கண்ணுக்குக் கொண்டுவந்து சேர்க்கிறதோ அதுதான் நல்ல பைனாகுலர், எனக்கு அது இந்த 8×42.

பலரும் 10×42 வாங்குகிறார்கள், பெரிதாகத் தெரியுமே என்று. கணக்கு ரொம்ப எளிது. முன்னால் வரும் 8, 10 என்பது எத்தனை மடங்கு பெரிதாகக் காட்டும் என்பது, 42 என்பது முன்பக்க லென்ஸின் விட்டம், மில்லிமீட்டரில். 42-ஐ 8-ஆல் வகுத்தால் 5.25, 10-ஆல் வகுத்தால் 4.2. கண்ணுக்குள் வந்து விழும் ஒளிக்கற்றையின் அகலம் அதுதான். இருட்ட இருட்ட நம் கண்மணி விரிந்துகொண்டே போகும், அப்போது 4.2 போதாமல் படம் மங்கும், கை நடுக்கமும் 10 மடங்காகத் தெரியும். அப்படியென்றால் இன்னும் பெரிய லென்ஸாக 8×56 வாங்கலாமே என்றால், வயது ஏற ஏற கண்மணி விரிவது குறைந்துவிடுகிறது, ஐம்பதைத் தாண்டிய பலருக்கு அவ்வளவு வெளிச்சமும் உள்ளே போகாது, கழுத்தில் கனம்தான் மிச்சம். எம்5-இன் எடை 630 கிராம். பெரியவர்களுக்குச் சரி, சின்னப் பிள்ளைகளுக்கு இது பாரம்தான்.

கண்ணாடியின் தரம் எங்கே தெரிகிறது என்றால் ஆந்தையின் முகத்தில். புள்ளி ஆந்தை மொத்தமே 21 செ.மீ., கிட்டத்தட்ட மைனா அளவு. சாம்பல் பழுப்பு உடம்பு, தலையிலும் முதுகிலும் வெள்ளைப் புள்ளிகள், வெள்ளைப் புருவம், மஞ்சள் கண். புளியமரத்துப் பட்டையோடு உடம்பு அப்படியே கலந்துவிடும், முதலில் தெரிவது கண்தான். மங்கலான வெளிச்சத்திலும் அந்த மஞ்சளை மஞ்சளாகவே காட்டுகிறது இந்த பைனாகுலர். இது வெறும் அழகுக்காகச் சொல்வதில்லை, அடையாளம் காணவும் வேண்டும். அதே தோப்பில் இந்திய ஸ்காப்ஸ் ஆந்தை என்கிற இன்னொரு சின்ன ஆந்தையும் இருக்கலாம், அதற்குக் காது மாதிரி இறகுக் கொம்பும் கரும்பழுப்புக் கண்ணும். காட்டுப்பக்கம் போனால் ஜங்கிள் ஔலெட் என்கிற சின்ன ஆந்தை, அதற்குப் புள்ளிக்குப் பதில் உடம்பெல்லாம் நெருக்கமான கோடுகள். புள்ளியா கோடா என்று அந்தி நேரத்தில் பிரித்துப் பார்க்க முடிகிறதே, கொடுத்த காசுக்கு அதுவே எனக்குப் போதும்.

அந்தக் கழுத்தாட்டத்தை நின்று பாருங்கள். ஆந்தையின் கண் நம் கண் மாதிரி குழிக்குள் உருளாது, அதனால் தூரத்தை அளக்க அது தலையையே நகர்த்தி இரண்டு மூன்று கோணத்தில் பார்த்துக்கொள்கிறது. ஒரு வண்டையோ எலியையோ குறிவைத்த பிறகு இந்த ஆட்டம் கூடும், சட்டென்று நிற்கும், அடுத்த நொடி பறந்திருக்கும்.

அங்கேதான் எம்5-இன் எல்லையும் தெரியும். பார்வைப் பரப்பு 6.4 டிகிரி, அதாவது 20 மீட்டர் தூரத்தில் சுமார் 2.2 மீட்டர் அகலம். கிளையில் இருக்கும் ஜோடி இரண்டும் தாராளமாக அடங்கும், பறக்கும் ஆந்தையைத் தொடரத்தான் சிரமம். கூடுதல் பணம் இருந்தால் அதே வரிசையில் எம்7 8×42 இருக்கிறது, அது 8.3 டிகிரி. உட்கார்ந்திருக்கும் ஆந்தையைப் பொறுமையாகப் பார்க்கிறவர்களுக்கு அந்தச் செலவு தேவையில்லை என்பது என் எண்ணம்.

மூக்குக்கண்ணாடி போடுபவர்கள் கண்வளையத்தைத் திருகி இறக்கிவிட்டுப் பார்க்கலாம், கண்ணுக்கு 19.5 மி.மீ. இடைவெளி கிடைக்கிறது. மழைக்குப் பயமில்லை.

இலங்கை நண்பர்களுக்கு ஒன்று: புள்ளி ஆந்தை உங்கள் பக்கம் கிடையாது, ஆனால் வேறு எங்கும் இல்லாத, முதுகு செம்பழுப்பான ஒரு சின்ன ஆந்தை சிங்கராஜா போன்ற ஈரக்காடுகளில் இருக்கிறது. அது பகலிலும் நடமாடும், ஆனாலும் அந்தக் காட்டுக்குள் பகலே அந்தி மாதிரிதான், அங்கேயும் 8×42 பக்கமே நான் நிற்பேன்.

அப்புறம், பைனாகுலர் கையில் இருக்கும்போது டார்ச் எதற்கு? பொந்துக்குள் வெளிச்சம் அடிப்பதையும் செல்போனில் ஆந்தைக் குரலைப் போட்டு வெளியே வரவைப்பதையும் தயவுசெய்து விட்டுவிடுங்கள், குறிப்பாக குஞ்சு பொரிக்கும் காலத்தில். தெருவிளக்குக் கம்பத்துப் பக்கம் போய் நின்றாலே போதும், விளக்குக்கு வரும் பூச்சியைப் பிடிக்க அதுவே கம்பியில் வந்து உட்காரும், அந்த வெளிச்சம் இந்த லென்ஸுக்கு ஏராளம்.

வாங்குவதாக இருந்தால் கடைக்குச் சாயங்காலமாகப் போங்கள். கடைக்குள் டியூப்லைட் வெளிச்சத்தில் எல்லா பைனாகுலரும் ஒரே மாதிரி பளிச்சென்றுதான் இருக்கும். வாசலுக்குக் கொண்டுவந்து, எதிரே இருட்டிக்கொண்டிருக்கும் மரத்தடியை 8×42, 10×42 இரண்டிலும் மாற்றி மாற்றிப் பார்த்துவிட்டுப் பணத்தைக் கொடுங்கள்.