பழைய பியானோவுக்குப் புதுக் கம்பி: அதே அளவா, அரை எண் கூட்டலா, புதுக் கணக்கா?

பழைய பியானோவுக்குக் கம்பி மாற்றும்போது தடிமனை முடிவு செய்ய மூன்று வழிகள் உண்டு. இருந்த அளவையே போடலாம், கம்பியின் தடிமனைக் குறிக்கும் எண்ணில் அரை எண் கூட்டலாம், அல்லது நீளத்தை அளந்து புதிதாகக் கணக்குப் போடலாம்.

அரை எண் கூட்டச் சொல்பவர்களின் வாதம் இது: தடித்த கம்பி லேசில் அறாது, நாதமும் நிறைவாக வரும். அறாது என்பது வெறும் நம்பிக்கை. நீளமும் சுருதியும் மாறாதவரை, குறுக்குப்பரப்பு கூடுகிற அளவுக்கு இழுவிசையும் கூடும். ஒரு சதுர மில்லிமீட்டர் எஃகு தாங்கும் பாரம் அப்படியேதான் இருக்கும். சொல்லப்போனால் மெல்லிய கம்பியின் எஃகுக்குத்தான் உறுதி சற்று அதிகம்.

40 செ.மீ. நீளமுள்ள ஒரு கம்பியை 440 ஹெர்ட்ஸுக்கு முறுக்குவதாக வைத்துக்கொள்வோம். 16½ எண் (0.950 மி.மீ.) என்றால் இழுவிசை சுமார் 70 கிலோ, 17 எண் (0.975 மி.மீ.) என்றால் 74. நாலு கிலோதானே என்று விட முடியாது. இப்படி 170 கம்பிகளுக்குக் கூட்டினால் 680 கிலோ! வயதான வார்ப்பிரும்புச் சட்டமும் சவுண்ட்போர்டும் (நாதத்தைப் பெருக்கும் மரப்பலகை) அதைச் சுமக்க வேண்டும். இந்தச் சுருதி 435 ஹெர்ட்ஸாக இருந்த காலத்துப் பியானோவை 440க்கு ஏற்றினாலே இழுவிசை 2.3 சதவீதம் கூடிவிடும். போதாக்குறைக்கு, தடித்த கம்பி விறைப்பானது. சுரத்தோடு சேர்ந்தொலிக்கும் மேல்சுரங்கள் சரியான இடத்திலிருந்து கூடுதலாக விலகும். குட்டை பியானோவில் காதுக்கே தெரியும்.

என் ஓட்டு பழைய அளவுக்குத்தான். ஆனால் பழைய அளவு எது? துரு தடிமனைக் கூட்டிக் காட்டும். இடையில் யாரோ கைக்குக் கிடைத்ததை மாட்டியிருப்பார்கள். துருவில்லாத இடமாகப் பார்த்து மைக்ரோமீட்டர் வையுங்கள். ஒரே சுரத்தின் மூன்று கம்பிகளையும் அளந்து பாருங்கள். பிரிட்ஜ் (கம்பிகள் சவுண்ட்போர்டில் அமரும் மரக்கட்டை) ஓரத்தில் எண் பொறித்திருந்தால் அதிர்ஷ்டம். ஆர்டர் கொடுக்கும்போது மில்லிமீட்டரையும் சேர்த்துச் சொல்லுங்கள். பழைய எண் முறைகள் ஒன்றுக்கொன்று ஒத்துப்போகாது.

புதுக் கணக்கு தேவைப்படுவது பெரும்பாலும் ஒரே இடத்தில்: பேஸ் (கீழ்ச்சுரப்) பகுதிக்குப் பக்கத்திலுள்ள, செம்பு சுற்றாத கடைசிச் சாதாக் கம்பிகள். நீளம் போதாமல் தொய்வாக இருப்பதால், ஈரப்பதம் மாறினால் முதலில் சுருதி விலகுவது இவைதான். தடிமன் கூட்டி இதைச் சரிக்கட்ட முடியாது. அங்கே உறுதி குறைந்த வகைக் கம்பியோ செம்பு சுற்றிய கம்பியோ போடுவது மேல்.

பேஸ் கம்பிகளுக்கு அதிகம் யோசிக்க வேண்டாம். கழற்றி, வரிசை எண் கட்டி, கம்பி சுற்றுபவருக்கு அனுப்பினால் உள்கம்பி, செம்பு இரண்டின் அளவையும் அவரே எடுத்துக்கொள்வார்.