எந்தக் கருவியில் எந்த உலாவி? தனியுரிமையை முன்வைத்து ஓர் ஒப்பீடு

கடலூரில் குடியிருந்து நாள்தோறும் புதுச்சேரிக்கு வேலைக்குச் சென்றுவரும் ஒருவரின் வீட்டை எடுத்துக்கொள்வோம். அலுவலகத்தில் விண்டோஸ் கணினி, கையில் ஆண்ட்ராய்டு கைப்பேசி, தமிழக அரசின் இலவச மடிக்கணினித் திட்டத்தில் பிள்ளைக்குக் கிடைத்த, விண்டோஸுடன் பாஸ் (BOSS) என்ற இந்திய லினக்ஸ் பதிப்பும் நிறுவப்பட்ட மடிக்கணினி, பிரான்சிலிருந்து வந்த உறவினர் கொடுத்துவிட்டுப் போன ஐபோன் என நான்கு இயங்குதளங்கள் ஒரே குடும்பத்தில் புழங்குவது இந்தப் பக்கத்தில் வியப்புக்குரியதன்று. இவர்களுக்கு ஒரே உலாவியின் (பிரவுசர்) பெயரைச் சொல்லி அனுப்பிவிட முடியாது. ஏனெனில், ஓர் உலாவி ஓர் இயங்குதளத்தில் தருகிற பாதுகாப்பை, அதே பெயரில் இருந்தாலும், இன்னோர் இயங்குதளத்தில் தருவதில்லை.

எதிலிருந்து பாதுகாப்பு என்பதை முதலில் தெளிவுபடுத்திக்கொள்ள வேண்டும். புதுச்சேரி கோரிமேட்டில் ஜிப்மர் மருத்துவமனைக்கு வந்துபோகும் நோயாளி ஒருவரின் மகன், மருத்துவர் எழுதிக்கொடுத்த மருந்தின் பெயரை இணையத்தில் தேடி ஒரு தளத்தில் படிக்கிறார். அந்தத் தளத்தில் இடம்பெற்றுள்ள விளம்பர நிறுவனம் அவருடைய உலாவியில் குக்கி எனப்படும் சிறு அடையாளத் தகவல் ஒன்றை வைக்கிறது. பிறகு அவர் செய்தித் தளத்துக்குப் போனாலும், துணி வாங்கும் தளத்துக்குப் போனாலும், அங்கும் அதே நிறுவனத்தின் விளம்பரம் இருந்தால் அதே குக்கி அவரை அடையாளம் காட்டிவிடுகிறது. ஒரு குடும்பத்தின் நோய் விவரம் இப்படித்தான் அவர்கள் கேள்விப்பட்டேயிராத நிறுவனங்களிடம் போய்ச் சேருகிறது. இதைத் தடுக்கும் திறனையே இங்கே அளவுகோலாகக் கொள்கிறேன்.

விண்டோஸில் போட்டி கடுமையானது. குரோம் விரைவானது, பாதுகாப்புப் புதுப்பிப்புகளை உடனுக்குடன் தருவது, ஏறத்தாழ எல்லாத் தளங்களும் அதில் ஒழுங்காக இயங்கும். ஆனால் அதை உருவாக்கும் கூகுளின் வருவாயில் பெரும்பகுதி விளம்பரத்திலிருந்து வருகிறது என்பதை அதன் முடிவுகளில் காண முடிகிறது. நாம் பார்க்கும் தளம் அல்லாத பிற நிறுவனங்கள் வைக்கும் குக்கிகளை, அதாவது வேற்றுத்தளக் குக்கிகளைக் கைவிடப்போவதாக 2020 தொடக்கத்தில் அறிவித்த கூகுள், பலமுறை காலக்கெடுவைத் தள்ளிவைத்து, 2024 ஜூலையில் அந்தத் திட்டத்தையே விலக்கிக்கொண்டது. உலாவியில் கூடுதல் வசதிக்காகச் சேர்க்கும் சிறு நிரல்களான நீட்சிகளுக்குக் கூகுள் கொண்டுவந்த புதிய விதிமுறையின் காரணமாக, மிகத் திறன்வாய்ந்த விளம்பரத் தடுப்பு நீட்சியான யூபிளாக் ஆரிஜின் குரோமில் இயங்க முடியாமல் போய்விட்டது. அதன் எளிமைப்படுத்தப்பட்ட லைட் பதிப்பு மட்டுமே இப்போது கிடைக்கிறது. மைக்ரோசாஃப்டின் எட்ஜ் 2020 முதல், குரோமுக்கு அடிப்படையான குரோமியம் என்ற திறந்த மூல நிரலையே அடித்தளமாகக் கொண்டிருக்கிறது. பின்தொடர்வோரை ஓரளவு தடுக்கும் வசதி அதில் தொடக்கத்திலேயே இயங்குகிறது என்பது குரோமைவிட ஒரு படி மேல். ஆயினும் கூகுளுக்குப் போகவேண்டியது மைக்ரோசாஃப்டுக்குப் போகிறது என்ற அளவில்தான் அந்த மாற்றத்தைக் கருத முடிகிறது.

பயர்பாக்ஸ் இதில் வேறு வழியைத் தேர்ந்தெடுத்தது. 2022 ஜூன் முதல், கணினிப் பதிப்பில் ஒவ்வொரு தளத்தின் குக்கிகளையும் தனித்தனி டப்பாவில் போட்டு மூடுவதுபோல அது பிரித்து வைக்கிறது. மருந்துத் தளத்தில் வைக்கப்பட்ட குக்கியைச் செய்தித் தளத்திலிருந்து படிக்க இயலாது. யூபிளாக் ஆரிஜினும் அதில் முழுமையாக இயங்குகிறது. குரோமியத்தில் கட்டப்பட்ட பிரேவ் என்ற உலாவி, விளம்பரத் தடுப்பைத் தன்னுள்ளேயே வைத்திருப்பதால், நிறுவியவுடன் வேறெதையும் தொடாமல் பயன்படுத்த விரும்புவோருக்கு மிக எளியது. ஆனால் 2020-இல், பயனர் தட்டச்சு செய்த சில கிரிப்டோ நாணயப் பரிமாற்றத் தள முகவரிகளோடு தனக்கு வருவாய் தரும் குறியீட்டை அது சேர்த்தது அம்பலமாகி, நிறுவனத் தலைவரே வருத்தம் தெரிவிக்க நேர்ந்தது. அதில் உள்ள கிரிப்டோ பணப்பையும் வெகுமதி விளம்பரமும் நம் வீடுகளுக்குத் தேவையற்றவை. நிறுவியதும் அவற்றை மறைத்துவிடலாம்.

பயர்பாக்ஸைப் பரிந்துரைக்கும்போது அதன் குறைகளையும் சொல்லியாக வேண்டும். அதை உருவாக்கும் மொசில்லாவின் வருவாயில் பெரும்பகுதி, கூகுளை இயல்பான தேடுபொறியாக வைத்திருப்பதற்காகக் கூகுளே தருவது. 2024-இல் விளம்பரங்களின் பலனை அளக்கும் சோதனை வசதி ஒன்று பயனரைக் கேட்காமலே இயக்கப்பட்டிருந்ததும், 2025-இல் பயன்பாட்டு விதிமுறைகளின் வாசகம் எதிர்ப்புக்குள்ளாகித் திருத்தப்பட்டதும் நம்பிக்கையைக் குறைத்த நிகழ்வுகள். எனவே அமைப்புகளில் தனியுரிமைப் பகுதிக்குச் சென்று, தரவு அனுப்பும் தெரிவுகளை அணைத்து, தடுப்பைக் கடுமையான நிலைக்கு மாற்றி, தேடுபொறியையும் மாற்றிக்கொள்வது நல்லது. இவ்வளவையும் கணக்கில் எடுத்த பின்னரும், விண்டோஸில் என் தேர்வு பயர்பாக்ஸ்தான். குரோமில் மட்டுமே ஒழுங்காகத் திறக்கும் ஏதேனும் ஒரு வங்கித் தளத்துக்காகவோ விண்ணப்பத் தளத்துக்காகவோ இன்னோர் உலாவியைத் தனியே வைத்துக்கொண்டு, வேறு எதற்கும் அதைத் திறக்காமல் இருந்தால் போதும்.

லினக்ஸில் அதிகம் யோசிக்க வேண்டியதில்லை. பெரும்பாலான லினக்ஸ் பதிப்புகளில் பயர்பாக்ஸ் முன்பே நிறுவப்பட்டிருக்கும். பிள்ளையின் மடிக்கணினியில் உள்ள பழைய லினக்ஸ் பதிப்பைப் புதுப்பிப்பதுதான் அங்கே முதல் வேலை; புதுப்பிக்கப்படாத உலாவியில் எந்த நீட்சியைச் சேர்த்தும் பயனில்லை.

ஆண்ட்ராய்டில் குரோமுக்கு நீட்சிகளே கிடையாது. பயர்பாக்ஸில் யூபிளாக் ஆரிஜினைக் கைப்பேசியிலும் நிறுவலாம். 2023 டிசம்பருக்குப் பிறகு வேறு பல நீட்சிகளும் கிடைக்கின்றன. வீட்டில் பெரியவர்கள் பயன்படுத்தும் கைப்பேசி என்றால் பிரேவை நிறுவிக்கொடுப்பது நடைமுறைக்கு எளிது.

ஐபோனில் இந்தத் தரவரிசை தலைகீழாகிவிடுகிறது. இந்தியாவில் பயன்படுத்தப்படும் ஐபோன்களில், எந்தப் பெயரில் வரும் உலாவியும் ஆப்பிளின் வெப்கிட் இயந்திரத்தின் (வலைப்பக்கத்தைத் திரையில் காட்டும் உள்நிரல்) மீதுதான் இயங்க வேண்டும். ஐரோப்பிய ஒன்றியத்தின் சட்டம் காரணமாக 2024-இல் அங்கே வேறு இயந்திரங்களுக்கும் ஆப்பிள் அனுமதி தந்தது. ஆகவே பாரிசில் இருக்கும் சித்தப்பாவுக்குச் சட்டப்படி கிடைத்துள்ள தெரிவு, புதுச்சேரியில் இருக்கும் அண்ணன் மகனுக்கு இல்லை. இது எனக்கு மிகுந்த வருத்தம் தரும் வேறுபாடு. ஐபோன் பயர்பாக்ஸில் நீட்சிகள் இல்லை, ஆப்பிளின் சொந்த உலாவியான சஃபாரியில் உண்டு. வேற்றுத்தளக் குக்கிகளை 2020 மார்ச் முதல் முற்றாகத் தடுத்து வருவதும் சஃபாரியே. ஆகவே ஐபோனில் சஃபாரியும், அதனுடன் யூபிளாக் ஆரிஜின் லைட்டும் போதுமானவை.

இப்படிக் கருவிக்கு ஓர் உலாவி வைத்துக்கொண்டால் கடவுச்சொற்கள் சிதறிப்போகுமே என்று கேட்கலாம். பிட்வார்டன் போன்ற தனிக் கடவுச்சொல் காப்பகத்தை எல்லாக் கருவிகளிலும் நிறுவிக்கொண்டால் அந்தச் சிக்கல் தீரும்.

கடலூர் மஞ்சக்குப்பத்திலோ புதுச்சேரி நேரு வீதியிலோ பிரவுசிங் சென்டர் கணினியில் அமர்ந்தால் உலாவியின் பெயருக்கு அதிக மதிப்பில்லை. மறைநிலைச் சாளரம் (இன்காக்னிட்டோ), மூடியவுடன் வரலாற்றையும் குக்கிகளையும் அழிக்கும். பதிவிறக்கிய ஆதார் நகலையும் நுழைவுச்சீட்டையும் அது அழிக்காது, அவை டவுன்லோட்ஸ் கோப்புறையிலேயே கிடக்கும். அச்சு எடுத்ததும் அவற்றை அழித்து, ரீசைக்கிள் பின்னையும் காலி செய்ய வேண்டும். அச்சுக்காக வாட்ஸ்ஆப் வெப் திறந்திருந்தால், எழுந்து வருமுன் கைப்பேசியில் இணைக்கப்பட்ட சாதனங்கள் பட்டியலைப் பார்த்து, அந்தக் கணினியை நீக்கிவிட வேண்டும்.