தானா ராத்தாவில் ஒரு மதியம்: எது கிடைக்கும், எது கிடைக்காது

மலேசியாவின் கேமரன் மலை முழுவதையும் ஒரு மதியத்தில் பார்க்க முடியாது. அங்குள்ள தானா ராத்தா நகரையும் ஒரு தேயிலைத் தோட்டத்தையும் பார்த்துவிடலாம். வெளிநாட்டிலிருந்து ஊருக்கு வருகிறவர்கள் ஈப்போவிலோ கோலாலம்பூரிலோ சொந்தக்காரர் வீட்டில் தங்கிக்கொண்டு, "மலைக்கு ஒரு நடை போய்ட்டு வந்திருவோமே" என்று கிளம்புவது வழக்கம். அப்படிக் கிளம்பியும் தோட்டம் பார்க்காமல் திரும்புகிறவர்கள் நிறைய. கோளாறு தூரத்தில் இல்லை, வரிசையில் இருக்கிறது. கடைத்தெருவை முதலில் சுற்றிவிட்டுத் தோட்டத்தைக் கடைசிக்கு வைத்துக்கொள்கிறார்கள். போ (BOH) நிறுவனத்தின் தேயிலை மையங்கள் மாலை நாலரைக்கு மூடிவிடும். மலை மழையோ பெரும்பாலும் பிற்பகலில்தான் பிடித்துக்கொள்ளும். ஆகவே தூரத்தில் இருப்பதை முதலில் முடியுங்கள், நடந்து பார்க்கக்கூடியதைக் கடைசியில் வையுங்கள்.

நாள் விஷயத்திலும் கவனம் வேண்டும். திங்கட்கிழமை தேயிலை மையங்களுக்கு வழக்கமான விடுமுறை. சனி, ஞாயிறு, பள்ளி விடுமுறை என்றால் தானா ராத்தாவுக்கும் அடுத்த ஊரான பிரிஞ்சாங்குக்கும் இடைப்பட்ட ஏறக்குறைய ஐந்து கிலோமீட்டருக்கே ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகலாம். ஒரே சாலை, ஓரத்தில் ஸ்ட்ராபெரித் தோட்டங்கள், அவற்றின் வாசலில் நுழையவும் திரும்பவும் நிற்கும் கார்கள். ஜாமுக்கு வேறு காரணமே வேண்டாம். செவ்வாய் முதல் வியாழன் வரை உத்தமம். வெள்ளிக்கிழமை மதியம் தொழுகை நேரத்தில் அரசாங்க அலுவலகங்களுக்கு நீண்ட இடைவேளை உண்டு; அங்கே வேலை இருந்தால் கணக்கில் வைத்துக்கொள்ளுங்கள்.

மேலே ஏற இரண்டு சாலைகள். தாப்பாவிலிருந்து போவது பழைய சாலை, தானா ராத்தா வரை ஏறக்குறைய 60 கிலோமீட்டர். வழியில் லத்தா இஸ்கண்டார் அருவி, பூர்வகுடியினர் பெத்தாய் என்ற காட்டு அவரை விற்கும் கடைகள், அப்புறம் வளைவு, வளைவு, வளைவுதான். வாந்தி வருகிறவர்கள் மாத்திரையைத் தாப்பாவுக்கு முன்பே போட்டுக்கொள்ள வேண்டும். வயிறு கலங்கிய பிறகு போட்டால் பலன் இருக்காது. வெறும் வயிறும் ஆகாது, நாசி லெமாக்கை (தேங்காய்ப்பால் சோறு) நிறையச் சாப்பிட்டுவிட்டு ஏறுவதும் ஆகாது. ஈப்போவிலிருந்து வருகிறவர்களுக்குச் சிம்பாங் பூலாய் சாலை வசதி. அகலமானது, வளைவும் குறைவு. கம்போங் ராஜா வழியாக வருவதால் காய்கறி லாரிகளுக்குப் பின்னால் மெதுவாக ஊர்ந்து வரவேண்டியிருக்கும்.

பஸ்ஸில் வருகிறவர்கள் கோலாலம்பூர் டிபிஎஸ் நிலையத்தில் ஏறினால் நாலைந்து மணி நேரத்தில் தானா ராத்தாவின் ஃபிரீசியா நிலையத்தில் இறங்கலாம். இறங்கியவுடன் முகப்பிலேயே திரும்பும் டிக்கெட்டை வாங்கிவிடுங்கள். ஞாயிறு மாலை பஸ்கள் நிரம்பிவிடும். அதை விட்டால் அன்றிரவு மலையில்தான். வெளிநாட்டுக் கடவுச்சீட்டோடு ஹோட்டலில் தங்கினால் அறைக்கு ஓர் இரவுக்கு 10 வெள்ளி (ரிங்கிட்) சுற்றுலா வரி தனியாகக் கேட்பார்கள். மைகார்ட் என்ற மலேசிய அடையாள அட்டை வைத்திருப்பவர்களுக்கும் நிரந்தரவாசிகளுக்கும் அது கிடையாது. அட்டையைக் காட்டத்தான் வேண்டும், வாய்ப்பேச்சு செல்லாது. பெட்ரோல் விஷயமும் இப்போது அப்படித்தான். 2025 செப்டம்பர் கடைசியில் லிட்டர் 1.99 வெள்ளிக்குத் தொடங்கிய ரோன்95 பெட்ரோல் சலுகை, மலேசிய ஓட்டுநர் உரிமம் வைத்திருக்கும் குடிமக்களுக்கு மட்டும். வாடகைக் காரை ஓட்டுவது யார் என்பதை அதற்கேற்ப முடிவு செய்யுங்கள்.

நகரத்துக்குள் போக்குவரத்துதான் இந்த ஊரின் பலவீனம். கிராப் செயலியைத் திறந்தால் கார் வரும் என்று நம்பியிருக்க வேண்டாம். உள்ளூர் பஸ் ஓடுகிறது, ஆனால் அது வரும்வரை காத்திருந்தால் மதியமே போய்விடும். பஸ் நிலையத்துப் பக்கம் நிற்கும் டாக்சியை மணிக்கணக்கில் பேசுவதுதான் வழி. பேசும்போது மூன்றைத் தெளிவாக்குங்கள்: எந்தெந்த இடம், காத்திருக்கும் நேரமும் கணக்கில் சேருமா, திரும்பக் கொண்டுவந்து விடுவாரா. "அண்ணே, பாலாஸ் தோட்டம் போய்ட்டு வர எவ்வளவு?" என்று தமிழில் கேட்டுப் பாருங்கள். தோட்டத்தில் பிறந்து வளர்ந்த ஓட்டுநர் வாய்த்தால் வழியெல்லாம் கதையும் கிடைக்கும். அதற்காக விலை பேசுவதை விட்டுவிடாதீர்கள்.

எந்தத் தோட்டம்? வண்டி இருந்தால் பிரிஞ்சாங்குக்கு அப்பால் இருக்கும் போ நிறுவனத்தின் சுங்கை பாலாஸ் தோட்டம். பிரதான சாலையிலிருந்து பிரிந்ததும் பாதை ஒரு காருக்குத்தான் அகலம். எதிரே வண்டி வந்தால் யாராவது ஒருவர் பின்வாங்கியே ஆகவேண்டும். மலையில் ஓட்டிப் பழகாதவர்கள் டாக்சியில் போவது நல்லது. நேரம் குறைவென்றால் ரிங்லெட்டுக்கும் தானா ராத்தாவுக்கும் நடுவே சாலையோரத்திலேயே இருக்கும் பாரத் தேநீர் இல்லம் போதும். பள்ளத்தாக்குக் காட்சி குறைவில்லை, ஆனால் தொழிற்சாலையைப் பார்க்க முடியாது.

பார்க்கவேண்டியது தொழிற்சாலைதான். போ நிறுவனத்தை ஜே. ஏ. ரசல் 1929இல் தொடங்கினார். காட்டை அழித்து, மேடு திருத்தி, செடி வைத்த முதல் தலைமுறைக் கூலிகளில் நம்மவர்கள் நிறையப் பேர். இன்று கொழுந்து எடுப்பவர்களில் பெரும்பாலோர் வெளிநாட்டுத் தொழிலாளர்கள். கூடை சுமந்து விரலால் கிள்ளும் காட்சியைத் தேடிப் போனால் ஏமாற்றம்தான். சரிவு குறைந்த இடத்தில் இரண்டு பேர் இருபுறமும் பிடித்துக்கொண்டு நடக்கிற வெட்டு இயந்திரம், அதன் பின்னால் காற்றில் உப்பிய நீளப் பை. செங்குத்தான இடத்தில் பெட்டி பொருத்திய கத்தரி.

உள்ளே வேலை ஐந்து கட்டம். பச்சைக் கொழுந்தை நீளத் தொட்டிகளில் பரப்பி, அடியிலிருந்து காற்று விட்டு வாட்டுவார்கள். இலை ஒடியாமல் மடங்கும் பதம் வரவேண்டும். ஈரம் மிஞ்சினால் உருளையில் கூழாகிவிடும். பிறகு உருட்டி நசுக்குவது. நசுங்கிய இலையைப் பரப்பிக் காற்றுப் பட வைத்தால் பச்சை செம்பு நிறமாகும். புளிக்கவைப்பது என்று சொன்னாலும் நடப்பது என்னவோ காற்றோடு சேர்ந்து நிறம் மாறுவதுதான். நேரம் குறைந்தால் பச்சை வாடை, கூடினால் உப்புச்சப்பில்லாத தேநீர். சூடான உலர்த்தியில் போட்டதும் அந்த மாற்றம் நிற்கும். கடைசியில் சலித்துத் தரம் பிரிப்பது. ஏறக்குறைய ஐந்து கிலோ பச்சைக் கொழுந்துக்கு ஒரு கிலோ தேயிலை. சலிப்பறைக்குப் பக்கத்தில் வரும் வாசனையைக் கடைப் பொட்டலம் எதுவும் தராது.

வாங்கும்போது பயன்பாட்டைச் சொல்லி வாங்குங்கள். பால் ஊற்றித் தே தாரிக் (நுரைக்க ஆற்றிய தேநீர்) போடத் தூள்தான் சரி. பெரிய இலைத் தேயிலையில் அந்த நிறமும் கடுப்பும் ஏறாது. பாலில்லாமல் குடிப்பவர்களுக்கு இலை. ஆஸ்திரேலியா திரும்புகிறவர்கள் முத்திரை உடையாத பொட்டலமாக வாங்கி, வருகைப் படிவத்தில் குறித்துவிட வேண்டும். சந்தையில் விற்கும் கள்ளிச்செடித் தொட்டியையும் ஸ்ட்ராபெரியையும் ஊர்க்காரர் வீட்டிலேயே விட்டுவிடுங்கள்.

மூன்று, மூன்றரைக்குத் தானா ராத்தா திரும்பினால் மழைக்குச் சாப்பாட்டுக் கடையில் ஒதுங்கலாம். பெரிய சாலையில் நம் கடைகள் வரிசையாக உண்டு: தோசை, ரொட்டி சானாய், வாழையிலைச் சாப்பாடு. இலைச் சாப்பாட்டுக்கு இரண்டு மணிக்குப் பிறகு போனால் கறி மிஞ்சும், காய் மிஞ்சாது. குளிருக்குத் தே ஆலியா (இஞ்சித் தேநீர்) கேளுங்கள். சீனி குறைவாக வேண்டுமென்றால் முதலிலேயே சொல்லிவிடுங்கள், பாலிலேயே இனிப்பு இருக்கும். மேசையிலேயே கொதிக்கும் சாற்றில் வேகவைத்துச் சாப்பிடும் ஸ்டீம்போட் பிரிஞ்சாங்கில், பகல் பயணத்துக்கு அது வேண்டாம்.

பணத்தை மலையில் மாற்றவேண்டாம், ஈப்போவிலோ கோலாலம்பூரிலோ மாற்றிக்கொள்ளுங்கள். பெரிய சாலையில் வங்கி இயந்திரங்கள் இருக்கின்றன. கடைகளில் டுயிட்நவ் (DuitNow) கியூஆர் கட்டணமுறை பரவலாக உண்டு, ஆனால் வெளிநாட்டுச் செயலிகள் எல்லாம் அதில் வேலை செய்யாது. கழிப்பறைக்கும் சாலையோரச் சோளத்துக்கும் சில்லறை வேண்டும். கழிப்பறையில் காகிதமும் நீங்கள் கொண்டுபோவதுதான்.

உடம்புக்கு முடியாமல் போனால் ஊருக்குள்ளேயே சுல்தானா ஹஜ்ஜா கல்சோம் அரசாங்க மருத்துவமனை இருக்கிறது. வெளிநோயாளிக்கு ஒரு வெள்ளி என்பது குடிமக்களுக்குத்தான். மற்றவர்களுக்குக் கட்டணம் பல மடங்கு, பயணக் காப்புறுதிச் சீட்டைக் கையில் வைத்திருங்கள்.

மழை விட்டு வெளிச்சம் மிஞ்சினால் ஊருக்குள் நடந்தே பாரிட் அருவிக்குப் போகலாம். தண்ணீரோடு குப்பையும் வரும், அருவிக்காக இல்லாமல் நடைக்காகப் போங்கள். வழுக்காத செருப்பு அவசியம். எண் போட்ட மற்றக் காட்டுப் பாதைகளில் மழைக்குப் பிறகு இறங்க வேண்டாம். ஆறரைக்கு மேல் மரத்தடியில் சீக்கிரம் இருட்டிவிடும்.

சொந்தக் காரில் திரும்புகிறவர்கள் ஆறு மணிக்குள் இறங்கத் தொடங்குவது நல்லது. பனிமூட்டம் விழுந்தால் உயர் விளக்கைப் போடாதீர்கள், மூட்டத்தில் பட்டு வெளிச்சம் கண்ணிலேயே அடிக்கும். இறக்கத்தில் பிரேக்கை மிதித்தபடியே வராமல் தாழ்ந்த கியரில் வாருங்கள். பிரேக் தீய்ந்த வாடை வந்தால் அகலமான, பத்திரமான இடத்தில் ஓரம் கட்டிச் சக்கரம் ஆறும்வரை நிறுத்துங்கள், தண்ணீர் ஊற்றக் கூடாது.