தொலைந்துபோகும் ஒரு கட்டை: மழலையர் அறைக்கு மாண்டிசோரியா, விளையாட்டு மூலைகளா?

சுமார் 35 சதுர மீட்டரில் ஓர் அறை. மூன்று வயது முதல் ஐந்தரை வயது வரை 25 குழந்தைகள். ஒரு டீச்சர், ஓர் உதவியாளர். 2013-இன் தேசிய ஆரம்பக் குழந்தைப் பருவக் கொள்கை 30 குழந்தைகளுக்கு இந்த அளவு அறையையும், 20 பேருக்கு ஒரு பெரியவரையும் குறைந்தபட்சமாகச் சொல்கிறது. அங்கன்வாடி, பள்ளியோடு சேர்ந்த மழலையர் வகுப்பு, தெருமுனை ப்ளே ஸ்கூல் என எதை எடுத்தாலும் பெரும்பாலும் கையில் இருப்பது இவ்வளவுதான். இதை எப்படி அமைப்பது? மூன்று வழிகள் உண்டு: பெஞ்சும் ஒர்க்புக்கும், மாண்டிசோரி பொருட்கள், விளையாட்டு மூலைகள். என் சாய்வை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: மூலை மூலையாகப் பிரித்த விளையாட்டு அறை.

பெஞ்சும் ஒர்க்புக்கும் வைத்த எல்.கே.ஜி. அறையைப் பற்றி நீளமாகப் பேச வேண்டியதில்லை. மணிக்கட்டில் உள்ள எட்டு எலும்புகளில் பாதிகூட மூன்று வயதில் முழுதாக உருவாகியிருக்காது. அந்தக் கையில் பென்சிலைத் திணித்து நான்கு கோட்டு நோட்டில் எழுத வைப்பதால் பழகுவது தவறான பிடி மட்டுமே. ஆனாலும் இந்த முறை ஊரெங்கும் பரவியிருப்பதற்குக் காரணம் பெற்றோரின் ஆசை மட்டுமல்ல. இந்த அறையில் பராமரிக்க எதுவுமே இல்லை. நோட்டைக் கட்டி வைத்துப் பெருக்கிவிட்டால் வேலை முடிந்தது. மற்ற இரண்டு வழிகளும் தோற்கும் இடம் இந்தப் பராமரிப்புதான் என்பதால், இதையே அளவுகோலாக வைத்துப் பார்க்கிறேன்.

மாண்டிசோரி முறை தமிழ்நாட்டுக்குப் புதிதல்ல. 1907-இல் ரோம் நகரின் சான் லொரென்சோ பகுதியில் முதல் குழந்தைகள் இல்லத்தைத் திறந்த மரியா மாண்டிசோரி, 1939-இல் அடையாறுக்கு வந்து ஆசிரியர்களுக்குப் பயிற்சி கொடுத்தார். போர்க்காலத்தில் கொடைக்கானலிலும் தங்கினார். அவர் வடிவமைத்த பொருட்களின் நுட்பம் வியக்க வைப்பது. இளஞ்சிவப்புக் கோபுரத்தில் 10 கனசதுரங்கள். மிகச் சிறியது ஒரு செ.மீ., மிகப் பெரியது 10 செ.மீ. குமிழ் வைத்த உருளைகள் நான்கு கட்டைகளில், கட்டைக்குப் பத்தாக 40. ஓர் உருளையைத் தவறான குழியில் போட்டால், கடைசி உருளைக்குப் பொருந்தும் குழி இருக்காது. தப்பு என்று டீச்சர் சொல்ல வேண்டியதில்லை, பொருளே சொல்லிவிடும். குழந்தை தானே எடுத்துத் தானே திருத்திக்கொள்ளும். ஒவ்வொரு பொருளும் அறையில் ஒன்றே ஒன்றுதான் என்பதால் காத்திருக்கவும் பழகும். ஒன்று, பத்து, நூறு, ஆயிரத்தைக் கையில் தூக்கிப் பார்க்க வைக்கும் பொன் மணிகளுக்கு ஈடான கணிதப் பொருள் மூலைகள் வைத்த அறையில் இல்லை. இதில் எனக்கு இரண்டு கருத்து கிடையாது.

ஆனால் பிழையைப் பொருளே காட்ட வேண்டுமானால், எல்லாத் துண்டுகளும் இருக்க வேண்டும். ஓர் உருளை காணாமல் போனால், சரியாக அடுக்கினாலும் ஒரு குழி காலியாகவே நிற்கும். குழந்தைக்குப் பொருள் சொல்லும் சேதி அன்றோடு குழம்பிவிடுகிறது. கோபுரத்தில் முதலில் தொலைவது எப்போதும் அந்த ஒரு செ.மீ. கட்டைதான். பாய்க்கடியில் போகும், கால்சட்டைப் பையில் வீட்டுக்குப் போகும், குப்பையோடு பெருக்கப்படும். தனித் துண்டு வாங்குவது கடினம்; கிடைத்தாலும் நிறம் ஒத்துவராது. கடலோர ஊர்களில் ஐப்பசி, கார்த்திகை ஈரத்தில் மரம் உப்பி, உருளைகள் குழியில் இறுகிக்கொள்ளும். குழந்தை அடித்துத் திணிக்கும், குமிழ் கழன்றுவிடும். விரலால் தடவிப் பழகும் உப்புத்தாள் எழுத்துகளின் சொரசொரப்பு விரல் எண்ணெயிலும் வியர்வையிலும் மழுங்கும். இவற்றோடு, குழந்தைகள் வருமுன் தட்டுகளை நிரப்பி, துடைத்து, வரிசைப்படுத்த அரை மணி நேரமாவது வேண்டும். முறையான பயிற்சி பெற்ற டீச்சர் வேலையை விட்டுப் போனால், மிச்சமிருப்பது அழகான மரச்சாமான்கள்தான். அங்கன்வாடிப் பணியாளருக்கோ போஷன் டிராக்கர் என்ற அரசின் செயலியில் வருகைப் பதிவு, எடை, உயரம், மதிய உணவுக் கணக்கு எல்லாம் காத்திருக்கும். அந்த அரை மணி அவருக்குக் கிடைக்காது.

மூலைகள் வைத்த அறை தாங்குவது இந்த இடத்தில்தான். ஒரு புளியங்கொட்டை தொலைந்தால் இன்னொன்று வரும். கட்டைகளில் மூன்று குறைந்தாலும் கோபுரம் எழும்பும். துண்டு குறைவதால் விளையாட்டு செத்துப்போவதில்லை.

உள்ளே நான்கு மூலைகள் போதும்: கட்டை, சொப்பு, புத்தகம், கைவேலை. வராந்தாவில் மணலும் தண்ணீரும். கட்டையும் சொப்பும் அருகருகே இருக்கட்டும். கட்டையில் வீடு கட்டி அதற்குள் சமைக்கப் போவார்கள். புத்தக மூலை சன்னலோரம், கட்டைகளின் சத்தத்திலிருந்து தள்ளி. கைவேலை குழாய்க்குப் பக்கத்தில். நடுவில் நீளமான வெற்றுத் தரை விடக்கூடாது. விட்டால் ஓட்டப்பந்தயம் தொடங்கும். அதட்டி நிறுத்த முடியாது. குறுக்கே ஒரு அலமாரியைப் போட்டால் தானாக நிற்கும். அலமாரி உயரம் 75 செ.மீ.க்கு மேல் வேண்டாம். குழந்தைக்குக் கை எட்ட வேண்டும், முக்காலியில் உட்கார்ந்த டீச்சருக்கு அறை முழுவதும் தெரிய வேண்டும்.

கட்டைகளைத் தச்சரிடம் சொல்லிச் செய்துகொள்ளலாம். அடிப்படைக் கட்டை 14 × 7 × 3.5 செ.மீ.; அதில் பாதி, அதைப்போல் இரட்டை. இந்த விகிதம் பிசகக்கூடாது. இரண்டு அரைக்கட்டை ஒரு முழுக்கட்டைக்குச் சமம் என்பதைக் கை கற்றுக்கொள்வது அதிலிருந்துதான். உலர்ந்த வேம்பு நல்லது. ப்ளைவுட் விளிம்பு சிலாம்பாய்ப் பிரியும். பெயின்ட் வேண்டாம், விளிம்புகளை 80-ஆம் எண் உப்புத்தாளாலும் பிறகு 150-ஆம் எண்ணாலும் தேய்த்தால் போதும். ஐந்து பேர் விளையாட 100 கட்டைகளாவது வேண்டும். நாற்பதை வைத்துவிட்டுப் பிள்ளைகள் சண்டை போடுகிறார்கள் என்றால், குறை பிள்ளைகளிடம் இல்லை.

ஒவ்வொரு மூலைக்கும் ஐந்து ஆணி அல்லது கொக்கி. படமும் பெயரும் உள்ள தன் அட்டையைக் குழந்தை அதில் மாட்டிவிட்டு உள்ளே போகும். ஆணி காலியில்லை என்றால் வேறு மூலை. கூட்டத்தைக் கட்டுப்படுத்தும் அந்த அட்டையே குழந்தை படிக்கும் முதல் எழுத்தும் ஆகிவிடுகிறது. இந்த விளையாட்டுக்கு 45 நிமிடத்துக்குக் குறையாமல் வேண்டும். முதல் பத்து, பதினைந்து நிமிடம் இடம் பிடிப்பதிலேயே போகும். அரை மணியில் மணி அடித்தால் விளையாட்டு தொடங்கும் நேரத்தில் முடிகிறது.

எடுத்து வைப்பது பத்து நிமிடம், ஒரு பாட்டோடு. அலமாரித் தட்டில் ஒவ்வொரு பொருளின் வெளிக்கோட்டையும் வரைந்துவிட்டால், மூன்று வயதுக் குழந்தையும் அதனதன் இடத்தில் வைக்கும். வெள்ளிக்கிழமை இருபது நிமிடம் எண்ணிப் பார்ப்பது, சொப்பைச் சோப்புத் தண்ணீரில் கழுவி வெயிலில் காயவைப்பது. மாதத்துக்கு ஒருமுறை மூன்றில் ஒரு பங்குப் பொருளை உள்ளே வைத்துவிட்டு, முன்பு உள்ளே வைத்ததை வெளியே எடுப்பது. பராமரிப்பு மொத்தமும் இவ்வளவுதான்.

குறை இல்லாமல் இல்லை. சொப்பு மூலை மூன்று வாரத்தில் சலித்துவிடும். அதே சோறு, அதே குழம்பு. அதை டீக்கடையாக, ரேஷன் கடையாக, டிக்கெட் கிழிக்கும் பஸ்ஸாக மாற்ற வேண்டும். கூடவே டீச்சர் ஒரு மூலையில் உட்கார்ந்து, 'கண்டக்டர், ஆத்தூருக்கு ரெண்டு டிக்கெட், மிச்சம் எவ்வளவு?' என்று கேட்க வேண்டும். அவர் பதிவேடு எழுதிக்கொண்டிருந்தால் இந்த அறை வெறும் பிள்ளை காக்கும் இடமாகிவிடும். மாண்டிசோரி அறையில் பொருள் செய்யும் வேலையில் பாதியை இங்கே பேச்சுதான் செய்கிறது. அங்கே பொருள் தேய்கிறது, இங்கே பேச்சு ஓய்கிறது. ஆனால் பேச்சைத் திரும்பத் தொடங்கக் காசு தேவையில்லை.

பாதுகாப்பில் சலுகையே கூடாது. குன்றிமணியும் ஆமணக்கு விதையும் நஞ்சு, அறைக்குள்ளேயே வரக்கூடாது. மஞ்சாடியைக் கொண்டுவந்தால் அதோடு குன்றிமணி கலந்துவிடலாம், அதையும் தவிர்ப்பது நல்லது. மூன்று வயதுக்குக் குறைந்தவர்கள் இருந்தால் புளியங்கொட்டையும் வேண்டாம், மூக்கில் போகும். பழைய ரிமோட், விளக்கு எரியும் பொம்மை எதிலும் பட்டன் பேட்டரி இருக்கக்கூடாது. விழுங்கினால் இரண்டு மணி நேரத்துக்குள் உணவுக்குழாயை அரித்துவிடும். தண்ணீர்த் தொட்டியில் ஒரு சாண் ஆழம்கூட வேண்டாம். முடிந்ததும் கவிழ்த்து வைக்க வேண்டும்.

தமிழ் எழுத்தில் இரண்டு முறைகளுக்கும் உள்ள வித்தியாசம் பலர் கண்ணில் படுவதில்லை. மாண்டிசோரியின் நகரும் எழுத்துப்பெட்டி, ஒலியை ஒவ்வொன்றாகக் கோத்துச் சொல் கட்டுவதற்கானது. நமக்கு 247 எழுத்து. குறிகளைத் தனியே வெட்டி ஒட்டவைக்கலாம் என்றால் 'கு', 'டு', 'து' ஒவ்வொன்றும் ஒவ்வொரு விதமாக வளைகிறது. உகர, ஊகார வரிசைக்கு மட்டும் 36 தனித் துண்டுகள். 'கொ' என்பதில் பின்னால் ஒலிக்கும் உயிருக்கு முன்னாலேயே ஒரு கொம்பு. இத்தனை துண்டு உள்ள பெட்டி முழுதாக இருப்பது எவ்வளவு நாள்? பழைய கல்யாணப் பத்திரிகையில் வெட்டிய எழுத்து அட்டை தொலைந்தால் இன்னொன்று வெட்டிக்கொள்ளலாம். மணலில் எழுதிய 'ட', 'ப', 'ம'வுக்கு அந்தச் செலவும் இல்லை.

ஆட்டிசம் உள்ள குழந்தைகள் இருக்கும் அறைக்கு என் பரிந்துரையை அடித்துச் சொல்ல மாட்டேன். மாறாத ஒழுங்கும் சத்தக் குறைவும் உள்ள மாண்டிசோரி அறை அவர்களில் சிலருக்கு இதமாக இருக்கலாம். இரண்டரை வயதுக் குழந்தைகளுக்கும் நான்கு மூலைகள் அதிகம், இரண்டில் தொடங்கலாம். பயிற்சி பெற்ற டீச்சர் நிலைத்து நிற்பார், பொருளைப் புதுப்பிக்க ஆண்டுதோறும் பணம் உண்டு என்ற இரண்டும் உறுதியான இடத்தில் மாண்டிசோரியைத் தயங்காமல் எடுக்கலாம். மற்ற இடங்களில் மூலைகளை அமைத்துவிட்டு, அங்கிருந்து ஒன்றை மட்டும் கடன் வாங்கலாம்: ஒரு தட்டில் சிறு சொம்பும் இரண்டு டம்ளரும் வைத்துத் தண்ணீர் ஊற்றிப் பழகுவது, பக்கத்தில் சிந்தியதைத் துடைக்க ஒரு துணி.

பிள்ளையைச் சேர்க்க இடம் பார்க்கும் பெற்றோர் காலையில் போக வேண்டாம், மூடும் நேரத்துக்குப் போங்கள். வாசலில் மாண்டிசோரி என்று எழுத எவருக்கும் தடையில்லை. ஆகவே பலகையைப் பார்க்காமல், கோபுரத்தின் உச்சியில் அந்த ஒரு செ.மீ. கட்டை இருக்கிறதா என்று பாருங்கள். மூலைகள் வைத்த அறையென்றால் அலமாரியின் அடித்தட்டைப் பாருங்கள். கட்டைகளின் விளிம்பு மழுங்கியிருந்தால் தினமும் விளையாடுகிறார்கள் என்று அர்த்தம். புதுசாகப் பளபளத்தால், எவ்வளவு நேரம் விளையாட விடுகிறீர்கள் என்று கேளுங்கள்.