ஓடைப் பூச்சிகளை அளக்க ஒரு ஜூம் ஸ்டீரியோ நுண்ணோக்கி: மதிப்புரை

ஓடை நீரின் மேற்பரப்பில் வழுக்கிச் செல்லும் வாட்டர் ஸ்ட்ரைடர் பூச்சிகளின் உருவ வேறுபாட்டையும் பரவலையும் ஆராய விரும்புவோர் பெரும்பாலும் நாடுவது, 7 முதல் 45 மடங்கு வரை உருப்பெருக்கும் ஜூம் ஸ்டீரியோ நுண்ணோக்கியைத்தான். அவற்றுள் தொடக்க நிலைக் கருவி ஒன்றை இந்த வேலைக்கென்றே பயன்படுத்தியதன் அடிப்படையில் எழுதுகிறேன். பார்ப்பதற்கு அது நல்ல கருவி. அளப்பதற்கு அப்படியே நம்பத் தகுந்ததல்ல.

இப்பூச்சிகளில் ஒரே சிற்றினத்துக்குள்ளேயே முழு இறக்கை கொண்டவை, குறு இறக்கை கொண்டவை, இறக்கையே இல்லாதவை என்று பல வடிவங்கள் உண்டு. வற்றாத ஓடைகளில் இறக்கையற்றவையும், அடிக்கடி வற்றும் குட்டைகளில் இறக்கையுள்ளவையும் மிகுந்து காணப்படுவது பொதுவான போக்கு என்பதால், எந்த நீர்நிலையில் எந்த வடிவம் எத்தனை என்று எண்ணுவது பரவல் ஆய்வின் முக்கியப் பகுதி. இறக்கையற்ற முதிர்பூச்சியை ஐந்தாம் (கடைசி) பருவ இளம்பூச்சியிலிருந்து பிரித்தறிவதில்தான் தடுமாற்றம் வரும். முதிர்பூச்சியின் பாதத்தில் இரண்டு கணுக்கள் இருக்கும், இளம்பூச்சிக்கு ஒன்றுதான். பாதத்தின் குறுக்கே ஓடும் அந்த மெல்லிய பிரிகோட்டை இக்கருவி 20 மடங்கிலேயே தெளிவாகக் காட்டுகிறது. இன்னும் பெருக்கினால், நகங்கள் நுனியில் இல்லாமல் சற்று உள்தள்ளி அமைந்திருப்பதும், இவற்றுக்கு உறவான ராகோவேலியா பேரினத்தில் நடுக்காலின் பாதப் பிளவுக்குள் மடங்கிக் கிடக்கும் விசிறியும் கண்ணில் படுகின்றன. உடன் வரும் வளைய எல்.இ.டி. விளக்கு மட்டும், மாதிரிகள் மூழ்கியிருக்கும் ஆல்கஹாலின் மேற்பரப்பில் எதிரொளித்துக் கண்ணைக் கூசச் செய்கிறது; விளக்கின்மேல் டிரேசிங் தாளைச் சுற்றிவிட்டால் அந்தத் தொல்லை பெரிதும் குறையும்.

இனி அளவெடுப்பு. இக்கருவியின் ஜூம் குமிழ் குறிப்பிட்ட படிகளில் ‘கிளிக்’ என்று நின்று பூட்டிக்கொள்வதில்லை, வழுக்கிக்கொண்டே போகிறது. கண்ணருகு லென்ஸிலுள்ள அளவுகோலை ஒரு நிலையில் திருத்தி வைத்தபின் குமிழ் நகர்ந்து உருப்பெருக்கம் 3 சதவீதம் மாறினாலும், 14 மில்லிமீட்டர் நீளமுள்ள பூச்சியின் அளவில் ஏறத்தாழ 0.4 மில்லிமீட்டர் பிழை ஏறிவிடும். ஓர் ஓடையின் மாதிரிகளை இன்றும் அடுத்த ஓடையின் மாதிரிகளை நாளையும் அளப்பவருக்கு, குமிழ் நகர்ந்ததால் வந்த இந்தப் பிழை, இரு ஓடைகளின் பூச்சிகளுக்கிடையிலான உண்மையான வேறுபாடாகவே தோற்றமளிக்கும். வட அமெரிக்க ஓடைகளில் வாழும் அக்வேரியஸ் ரெமிஜிஸ் என்ற வாட்டர் ஸ்ட்ரைடர் சிற்றினம் 1832-இல் விவரிக்கப்பட்டது. அதனோடு சேர்த்தே எண்ணப்பட்டுவந்த தென்கிழக்கு அமெரிக்கப் பூச்சிகள் 1996-இல்தான் தனிச் சிற்றினமாகப் பெயர் பெற்றன. இவ்வளவு நெருங்கிய உருவங்களை ஒப்பிடும்போது, கருவியே வேறுபாட்டைப் புனைந்து தருவது பொறுக்கத்தக்க குறையல்ல.

பார்வைப் புலத்தின் அகலமும் ஒரு தடைதான். 7 மடங்கில் அது 3 சென்டிமீட்டரை எட்டாததால், உடல் முழுதாகத் தெரிந்தாலும் விரித்த நடுக்கால்கள் வெளியே போய்விடுகின்றன. காலை உறுப்புறுப்பாகப் பிரித்து, கண்ணாடித் தகட்டில் படுக்க வைத்து அளப்பதைத் தவிர வழியில்லை. தொடை 20 பாகை சாய்ந்து கிடந்தால்கூட அதன் நீளம் 6 சதவீதம் குறைந்து தெரியும். (இந்தப் பிழைக்குக் கருவியைக் குறை சொல்ல முடியாது, எவ்வளவு விலையுயர்ந்த நுண்ணோக்கியிலும் இது வரும்.)

ஆகவே இறக்கை வடிவங்களை எண்ணுவதும் பருவத்தையும் பாலினத்தையும் பிரிப்பதும் மட்டுமே நோக்கமென்றால் இக்கருவியைத் தயங்காமல் வாங்கலாம். அளவுகளைக் கொண்டு கூட்டங்களை ஒப்பிடுவதாக இருந்தால், படிநிலைகளில் பூட்டிக்கொள்ளும் ஜூம் உள்ள மாதிரியைக் கேட்டு வாங்குவதே சரி. ஏற்கெனவே இதை வாங்கிவிட்டவர்கள், ஒவ்வொரு அமர்வின் தொடக்கத்திலும் முடிவிலும் ஸ்டேஜ் மைக்ரோமீட்டரை (துல்லியமான அளவுக்கோடுகள் பொறித்த கண்ணாடித் தகடு) வைத்து அளவுகோலைச் சரிபார்க்க வேண்டும். வெவ்வேறு ஓடைகளின் மாதிரிகளை, இடப்பெயர் தெரியாதபடி எண்ணிட்டு, கலந்து அளக்கவும் வேண்டும்.