காதாலேயே டைமிங் வைக்கிறவரிடம் பழைய காரைக் கொடுத்த கதை

பாயிண்டை (பிளக்கில் பொறி வரக் கரன்ட்டை வெட்டும் சின்ன சுவிட்ச்) கழற்றிவிட்டு, அதே வேலையைச் சென்சாரால் செய்யும் எலெக்ட்ரானிக் இக்னிஷன் போடலாம் என்று நினைத்திருக்கும் பழைய கார்க்காரர்கள், சாவியைக் கொடுக்கும் முன் இதைப் படித்துவிடுங்கள். எனக்குப் புத்தி வந்தது கொடுத்த பிறகுதான்.

என் வண்டி 1974 மாடல், நாலு சிலிண்டர். காலையில் ஒரே செல்ஃபில் ஸ்டார்ட் ஆகும், ஐடிலிங்கிலும் குறை சொல்ல முடியாது. பாதி ஆக்சிலேட்டரில் நிதானமாகப் போகும்போது மட்டும் இழுவை மந்தம், பெட்ரோலும் கூடக் குடித்தது. ஒர்க்‌ஷாப்காரர், ஒவ்வொரு பிளக்குக்கும் பொறியைப் பிரித்தனுப்பும் டிஸ்ட்ரிபியூட்டரின் மூடியைக் கழற்றி ஒரு பார்வை பார்த்தார். "பாயிண்ட் போச்சு சார். எத்தனை நாளைக்கு இதையே தேய்ச்சுக்கிட்டு இருப்பீங்க? எலெக்ட்ரானிக் போட்டுருங்க, கூடவே காயிலையும் மாத்திடலாம்." பேட்டரியின் 12 வோல்ட்டைப் பொறிக்கு வேண்டிய அளவுக்கு உயர்த்துவது அந்தக் காயில்தான். சரி என்று தலையாட்டினேன்.

எலெக்ட்ரானிக் கிட்டோடு எனக்கு எந்தச் சண்டையும் இல்லை. பாயிண்டில் கேமை உரசும் கட்டை தேயத் தேய இடைவெளி குறையும், பொறி விழும் நேரமான டைமிங்கும் கொஞ்சம் கொஞ்சமாகப் பின்தங்கும். காந்த வளையமும் சென்சாரும் வைத்த கிட்டில் அந்தத் தேய்மானம் கிடையாது. நல்ல பொருள்தான். போட்ட கைதான் கெட்ட கை.

வண்டியை எடுக்கப் போன அன்று, பொறி எத்தனை டிகிரியில் விழுகிறது என்று காட்டும் டைமிங் லைட் எங்கே என்று கேட்டேன். சிரித்தார். "லைட்டெல்லாம் எதுக்கு சார், காதாலேயே வச்சிருவேன்." இன்ஜினை ஓடவிட்டு டிஸ்ட்ரிபியூட்டரைத் திருப்பினார். சத்தம் ஏறி, சீராகி, எங்கே வேகமாகச் சுற்றியதோ அங்கேயே போல்ட்டை முடுக்கினார். கேட்க இனிமையாகத்தான் இருந்தது.

அந்த இனிமையில்தான் வில்லங்கம். ஐடிலிங்கில் எந்த இன்ஜினுமே கூடுதல் அட்வான்ஸை, அதாவது பிஸ்டன் உச்சிக்கு வருமுன் இன்னும் சில டிகிரி முன்னதாகவே பொறி விழுவதை, விரும்பும். திருப்பத் திருப்ப ஆர்பிஎம் ஏறும். ஆனால் ரோட்டில் வேகம் கூடும்போது டிஸ்ட்ரிபியூட்டருக்குள் இருக்கும் எடைகள் விரிந்து தங்கள் பங்கு அட்வான்ஸையும் மேலே ஏற்றும். அடித்தளத்திலேயே 12 டிகிரி கூட வைத்தால், உச்சியிலும் அதே 12 கூடத்தான் நிற்கும். என் வண்டிக்கு ஐடிலிங்கில் 8, மொத்தமாக 32 டிகிரி. பின்னால் நானே லைட் வாங்கிப் பார்த்தபோது 20-ம் 44-ம் காட்டியது.

மறுநாளே ஏற்றத்தில் நாக்கிங், அதாவது சிலிண்டருக்குள் எரிபொருள் தாறுமாறாக வெடிப்பது. டப்பாவுக்குள் கூழாங்கல்லைப் போட்டுக் குலுக்குகிற மாதிரி சத்தம். போனில் சொன்னால், "புது கிட் செட் ஆகட்டும் சார்" என்று பதில். மின்சாரப் பொருளுக்கு என்ன செட் ஆகிற கணக்கு? அப்போதே சந்தேகப்பட்டிருக்க வேண்டும்.

மூன்றாவது வாரம் நடுரோட்டில் வண்டி நின்றுவிட்டது. பானட்டைத் திறந்து காயிலைத் தொட்டேன், கையைச் சுட்டுவிட்டது. தள்ளிக்கொண்டு வீடு சேர்ந்து, சாவியை அணைத்து, வயர்களைக் கழற்றி மல்டிமீட்டரை வைத்தேன். காயிலின் பிரைமரி சுற்று 1.5 ஓம். கிட்டோடு வந்த தாளில் 3 ஓம் காயில் வேண்டும் என்று கொட்டை எழுத்தில் போட்டிருக்கிறது. பில்லிலும் '3 ஓம், புதியது' என்றுதான் இருக்கிறது. காயில் மேல் கறுப்பு ஸ்பிரே பெயின்ட் பளபளத்தது. கிளாம்ப்பைத் தளர்த்தினால் அதற்கு அடியில் பழைய ஸ்டிக்கரின் ஓரம் அப்படியே ஒட்டியிருக்கிறது. என் சொந்தக் காயிலுக்கே பெயின்ட் அடித்து எனக்கே விற்றிருக்கிறார்!

அது கரன்ட்டைக் குறைக்கும் பேலாஸ்ட் ரெசிஸ்டரோடு சேர்ந்து ஓட வேண்டிய காயில். கிட்டுக்கு முழு 12 வோல்ட் வேண்டுமே என்று ரெசிஸ்டரை ஒரு துண்டு வயரால் தாண்டிவிட்டிருந்தார். 12 வோல்ட்டை 1.5 ஓமால் வகுத்துப் பாருங்கள், 8 ஆம்பியர். 3 ஓம் காயிலாக இருந்தால் 4 தான். இரண்டு மடங்கு கரன்ட்டைச் சுமந்து சுமந்து கிட்டின் மாட்யூல் கருகிவிட்டது.

இதைவிடக் கேவலம் இன்னொன்று. கார்புரேட்டரிலிருந்து டிஸ்ட்ரிபியூட்டருக்குப் போகும் ரப்பர் ஹோஸை உருவினேன். உள்ளே ஒரு சின்ன ஸ்குரூ, அடைப்பு மாதிரி திருகி வைக்கப்பட்டிருந்தது. டிஸ்ட்ரிபியூட்டர் பக்கம் இன்னொரு ஹோஸை மாட்டி வாயால் உறிஞ்சினால் காற்று தாராளமாக வருகிறது. இன்ஜினின் உறிஞ்சலால் டைமிங்கை முன்தள்ளும் வேக்கம் அட்வான்ஸின் டயஃப்ரம் (உள்ளே இருக்கும் சவ்வு) கிழிந்திருக்கிறது. நான் சொன்ன மந்தத்துக்கும் பெட்ரோல் செலவுக்கும் காரணமே அதுதான், பாயிண்ட் பாவம். ஸ்குரூவை வைத்தவருக்கு அது தெரியாமல் இருக்க வழியில்லை. தெரிந்தே அடைத்துவிட்டு, இழுவை வந்த மாதிரி தோன்ற டைமிங்கை ஏற்றிவிட்டிருக்கிறார்.

பிளக்குகளைக் கழற்றினேன். மூன்றாவதின் வெள்ளைப் பீங்கானில் மிளகுத்தூள் தூவினாற்போல் கறுப்புப் புள்ளிகள், நடுவே ஊசிமுனை அளவில் மின்னும் அலுமினியத் துளிகள். அவை பிஸ்டனிலிருந்து வந்தவை. கம்ப்ரஷன் பார்த்ததில் மற்ற மூன்றும் 150 psi-ஐ ஒட்டி நிற்க, மூன்றாவது மட்டும் 110.

வேலைக்குக் கொடுத்தே ஆக வேண்டும் என்றால், முதலில் ஹோஸை நீங்களே உறிஞ்சிப் பாருங்கள். காற்று வராமல் பிடித்து நின்றால்தான் டயஃப்ரம் நன்றாக இருக்கிறது. காயிலின் ஓமை உங்கள் கண்முன்னே அளக்கச் சொல்லுங்கள், கழற்றிய பழைய சாமான் அத்தனையையும் கேட்டு வாங்குங்கள். டைமிங் வைக்கும்போது இன்ஜின் சூடாக இருக்க வேண்டும், வேக்கம் ஹோஸைக் கழற்றி அடைத்திருக்க வேண்டும். புல்லியில் உள்ள கோட்டைச் சாக்பீஸால் வெளுத்து, லைட் வெளிச்சத்தில் அது எந்த எண்ணில் நிற்கிறது என்று நீங்களே குனிந்து பாருங்கள். ரப்பர் வைத்த புல்லியாக இருந்தால் வெளிவளையம் நழுவி அந்தக் கோடே பொய் சொல்லலாம். முதல் பிஸ்டனை மேலே ஏற்றி, கோடு பூஜ்யத்துக்கு வருகிறதா என்று அதற்கு முன்பே சரிபார்த்துவிடுவது நல்லது.

ஸ்குரூவையும் காயிலையும் அவர் மேஜையில் கொண்டுபோய் வைத்தேன். "எலெக்ட்ரிகல் சாமானுக்கு வாரன்ட்டி கிடையாது சார்" என்றார். சாமானைப் பற்றி நான் பேசவில்லை, வைத்த ஸ்குரூவைப் பற்றிக் கேட்கிறேன் என்றேன். "பையன் வச்சிருப்பான்" என்று உள்ளே எழுந்து போய்விட்டார். பணம் இன்றுவரை திரும்பவில்லை. டயஃப்ரம் மட்டும் புதிதாக மாற்றி, பழைய பாயிண்டையும் ரெசிஸ்டரையும் திரும்பப் போட்டு 8 டிகிரியில் வைத்திருக்கிறேன். இழுவை வந்துவிட்டது. மூன்றாவது சிலிண்டருக்காக அடுத்த மாதம் ஹெட்டைக் கழற்ற வேண்டும்.