அம்மாவின் டம்ளரில் பால் நின்றுபோனது

கோத்தகிரி போய் இறங்கிய மறுநாள் காலை அம்மா இரண்டு டம்ளர் கொண்டுவந்தார். என்னுடையதில் பால் டீ. அவருடையதில் பால் விடாத கருப்பு டீ. எழுபத்தொரு வயது வரை கறந்த பாலைக் காய்ச்சி டீ போட்டுக் குடித்தவர். என்னம்மா இது என்றேன். "என் உடம்புக்குப் பால் ஆகாதாம் கண்ணு. எச்சில் எடுத்துப் பார்த்துச் சொல்லிவிட்டார்கள்."

மேட்டுப்பாளையம் மலைச்சாலை, இ-பாஸ், வங்கி வேலை எல்லாம் தடங்கலின்றி முடிந்தன, அவற்றை விட்டுவிடுகிறேன். அந்த ஒரு டம்ளர்தான் மூன்று வாரமும் என்னை உறுத்தியது.

கல்யாண மண்டபத்தில் 'ஆரோக்கிய முகாம்' நடத்தியிருக்கிறார்கள். மரபணுச் சோதனை என்று ஒரு சிறு குழாயில் எச்சில் துப்பச் சொல்லி, பன்னிரண்டாயிரம் ரூபாய் வாங்கிக்கொண்டு, ஆறு வாரம் கழித்து நாற்பது பக்க ஆங்கில அறிக்கை அனுப்பியிருக்கிறார்கள். பக்கமெல்லாம் பச்சை, மஞ்சள், சிவப்பு வட்டங்கள். பாலுக்குச் சிவப்பு, காபிக்குச் சிவப்பு. சாப்பிடச் சொன்னவை கினோவா, பாதாம் பால், ப்ளூபெர்ரி. ராகி, சாமை, அவரை எந்தப் பக்கத்திலும் இல்லை. எங்கள் வீட்டுச் சமையலறையே அந்த அறிக்கைக்கு வெளியே நிற்கிறது. அம்மாவுக்கு ஆங்கிலம் தெரியாது. பக்கத்து வீட்டுப் பெண் வட்டங்களின் நிறத்தைப் பார்த்துச் சொன்னாளாம். பால், தயிர், மோர் மூன்றையும் அன்றே நிறுத்திவிட்டார். ஐந்து மாதத்தில் இளைத்துப்போய், ரவிக்கையின் தோளை உள்ளே மடித்து ஊக்குக் குத்தியிருந்தார். அதைப் பார்த்த பிறகு எனக்குச் சோறு இறங்கவில்லை.

அறிக்கையில் இருந்த எண்ணுக்குப் போன் செய்தேன். நாற்பது நிமிடம் பாட்டுக் கேட்ட பிறகு ஓர் ஆலோசகர் வந்தார். "பால் குடித்தால் வயிறு உப்புகிறதா, பேதியாகிறதா என்று அம்மாவிடம் யாராவது கேட்டீர்களா?" என்றேன். "ரிப்போர்ட்டில் இருப்பதை மட்டும்தான் சார் நாங்கள் சொல்ல முடியும்" என்றார். மூன்று முறை கேட்டேன்; மூன்று முறையும் அதே வாக்கியம்.

பாலில் உள்ள சர்க்கரையான லாக்டோஸைச் செரிக்கும் நொதி, உலகில் பெரும்பாலோருக்குக் குழந்தைப் பருவத்துக்குப் பின் குறைந்துவிடும். மரபணுவில் ஓர் எழுத்து மாறியவர்களுக்கு மட்டும் அது வாழ்நாள் முழுக்கச் சுரக்கும். பரிசோதனை பார்ப்பது அந்த எழுத்தைத்தான், வயிற்றை அல்ல. அந்த மாற்றம் இல்லாதவர்களிலும் பெரும்பாலோர் ஒரே வேளையில் 12 கிராம் லாக்டோஸை, அதாவது ஒரு கோப்பைப் பாலை, தொல்லையில்லாமல் தாங்குவார்கள். அம்மாவின் டீயில் விழுவது அரை டம்ளர்கூட இல்லை. தயிரில் லாக்டோஸின் ஒரு பங்கைப் புளிக்கவைக்கும் கிருமிகளே தின்றுவிடும்.

நான் இருக்கும் டொராண்டோவிலும் பண்டிகைத் தள்ளுபடியில் எச்சில் குழாய் விற்கத்தான் செய்கிறார்கள். ஆனால் அதன் மதிப்பு என்ன என்று கேட்கும் குரலும் அங்கே கூடவே கேட்கும். அமெரிக்காவில் 609 பேரை ஓராண்டு கவனித்து 2018இல் வெளியிட்ட ஆய்வில், மரபணுவைப் பார்த்துக் கொழுப்பைக் குறைப்பதா மாவுச்சத்தைக் குறைப்பதா என்று முடிவு செய்வதால் எடை குறைவதில் வித்தியாசம் தெரியவில்லை. மரபணு முடிவைக் காட்டச் சொல்லி யாரும் நிர்ப்பந்திக்கக் கூடாது என்று கனடாவில் 2017 முதல் சட்டமே இருக்கிறது. இங்கே அம்மா தனக்குப் படிக்கத் தெரியாத ஒப்புதல் படிவத்தில் கையெழுத்துப் போட்டிருக்கிறார். எச்சிலை வாங்கி மரபணுச் சோதனை செய்யும் அமெரிக்க நிறுவனமான 23அண்ட்மீ 2025 மார்ச்சில் திவால் மனு கொடுத்தபோது, கோடிக்கும் மேற்பட்டோரின் மரபணு விவரம் யார் கைக்குப் போகும் என்று உலகமே பதறியது. அம்மாவின் எச்சில் எந்த ஊரில், எந்தக் குளிர்பெட்டியில் இருக்கிறது?

மரபணுச் சோதனையே வேண்டாம் என்பவன் அல்ல நான். இரத்தச் சிவப்பணுக்களை அரிவாள் போல் வளைக்கும், பரம்பரையாக வரும் அரிவாள் செல் நோய்க்கூறு இந்தியாவில் முதன்முதலாகப் பதிவான இடங்களில் ஒன்று இந்த நீலகிரி. 1952இல், இங்குள்ள பழங்குடியினரிடம். அதைக் கண்டறிய ஒரு சொட்டு இரத்தம் போதும். முடிவு தெரிந்தால் மாத்திரை உண்டு, கல்யாணத்துக்கு முன் யோசிக்க வழியுண்டு.

நான் எதிர்பாராதது அடுத்த செவ்வாய்க்கிழமை நடந்தது. மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் அம்மாவுக்கு இரத்த அழுத்த மாத்திரை கொண்டுவரும் பெண் வந்தார். தேயிலைச் சரிவில் ஏறி வந்ததில் மூச்சு வாங்கியது, செருப்பெல்லாம் செம்மண். கைப்பட்டையைக் கட்டியபடியே அம்மாவின் முகத்தைப் பார்த்து, "ஏன்க்கா இப்படி இளைத்துவிட்டீர்கள்?" என்றார். விஷயத்தைச் சொன்னோம். "பால் குடித்த நாளில் வயிறு ஏதாவது செய்ததா?" "ஒரு நாளும் இல்லையே." "அப்புறம் ஏன்க்கா நிறுத்தினீர்கள்?" அவ்வளவுதான். எடையைக் குறித்துக்கொண்டு, ஆரம்ப சுகாதார நிலையத்தில் டாக்டரைப் பார்க்கச் சொல்லிவிட்டு அடுத்த வீட்டுக்குப் போனார். டொராண்டோவில் ஆறு ஆண்டுகளாக என் வீட்டுப் படியேறி யாரும் என் முகத்தைப் பார்த்து இப்படிக் கேட்டதில்லை.

டாக்டர் இரத்தம் பார்த்தார், சர்க்கரை சரியாக இருந்தது, வழக்கம்போலச் சாப்பிடச் சொன்னார். நான் கிளம்பிய காலை அம்மா தன் டம்ளரில் கொஞ்சம் பால் விட்டார், நிறம் மாறும் அளவுக்கு மட்டும். ஒரு வாய் குடித்துவிட்டு, ஏதாவது ஆகிறதா என்பதுபோல் வயிற்றில் கைவைத்துப் பார்த்துக்கொண்டார்.

மாதிரியையும் விவரங்களையும் அழிக்கச் சொல்லி அந்த நிறுவனத்துக்கு இரண்டு கடிதம் எழுதிவிட்டேன். பதில் இல்லை. மூன்றாவதைத் தமிழில் எழுதி, அம்மாவின் கையெழுத்தோடு பதிவுத் தபாலில் அனுப்பச் சொல்லியிருக்கிறேன்.